கடலில்லாத ஊரில் உப்பு

“ஏ ஐயா, அங்க கடல் எந்தப் பக்கம் இருக்கு?”

லாவோஸுக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை, நான் கன்டெய்னர் சரக்குக்குக் காகிதம் போடும் வேலை. புது ஊர் என்றால் கடலை வைத்துத்தான் திசை கேட்போம். கடலே கிடையாதும்மா என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்புறம் கப்பல் கம்பெனிக்காரனுக்கு அங்க என்ன ஜோலி?” என்றார்.

நியாயமான கேள்வி. 2022 மே மாதம் போய் இறங்கி, 2024 ஜூன் வரை இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் போனது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

முதலில் வரைபடம். தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரை இல்லாத ஒரே நாடு லாவோஸ். வடக்கே சீனா, கிழக்கே வியட்நாம், தெற்கே கம்போடியா, மேற்கே தாய்லாந்து, வடமேற்கு மூலையில் மியான்மர் என்று ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க நடுவில் இது, மேலே அகலமான தலையும் கீழே ஒல்லியான உடம்புமாக, காற்றில் சாய்ந்த பனைமரம் மாதிரி. பரப்பளவு சுமார் 2,36,800 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மக்கள் எண்ணி 75 லட்சம்தான். பெரும்பகுதி மலையும் காடும். மேற்கு எல்லையின் பெரும்பகுதிக்கு மீகாங் ஆறு, கிழக்கு எல்லையில் அன்னாமிய மலைத்தொடர். மலைக்கு அந்தப் பக்கம் வியட்நாம், அதற்கு அப்புறம் கடல். வியட்நாம் மிகவும் ஒடுங்கும் குவாங் பின் பகுதியில் லாவோஸ் எல்லைக்கும் கடலுக்கும் இடையே சுமார் 50 கி.மீ.தான். ஏறக்குறைய தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கடல் இவர்களுக்கு இல்லை.

என் வேலையைச் சொன்னால் இது சுலபமாகப் புரியும். கப்பலில் வரும் எந்தச் சரக்குக்கும் பி.எல். (பில் ஆஃப் லேடிங்) என்று கப்பல் கம்பெனி தரும் ஒரு காகிதம் உண்டு. அதில் இறக்கும் துறைமுகம் என்று ஒரு கட்டம், கடைசியாகச் சேரும் இடம் என்று இன்னொரு கட்டம். தூத்துக்குடிக்கு வரும் சரக்குக்கு இரண்டிலும் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். லாவோஸ் சரக்குக்கு அப்படி முடியாது. இறக்கும் துறைமுகத்தில் தாய்லாந்தின் லாயெம் சபாங், சேரும் இடத்தில் லாவோஸின் தலைநகர் வியன்டியான். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 700 கி.மீ. அடுத்தவன் நாடு. அங்கே தாய்லாந்துச் சுங்கத்துக்கு ஒரு டிரான்சிட் படிவம், ஒரு சீல், ஒரு பிணைத்தொகை, ஒரு தாய்லாந்து லாரி. சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டியைத் திரும்பத் துறைமுகத்துக்கே கொண்டுபோய் விடவேண்டும், அதற்கும் வாடகை நம் தலையில். பெட்டி ஒருநாள் தாமதமானால் டிடென்ஷன் என்கிற தாமதக் கட்டண மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு கூத்து. ஏற்றுமதி செய்த ஊரில் யாரோ புதுப்பையன், இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் வியன்டியான் என்று அடித்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை, தலைநகரம், ஆற்றங்கரை, பார்த்தால் துறைமுகம் மாதிரிதான் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தி வாங்குவதற்குள் இரண்டு பெட்டி டைல்ஸ் பதினொரு நாள் அடுத்த நாட்டு யார்டில் வெயில் காய்ந்தது. சரக்கின் சொந்தக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இது எங்களுக்குப் பழக்கம்தான்” என்றார். தூத்துக்குடியில் இப்படி நடந்திருந்தால் நாற்காலி பறந்திருக்கும்.

அந்த லாரி கடைசியாகத் தாண்டுவது மீகாங் மேல் இரண்டு நாட்டையும் இணைக்கும் நட்புறவுப் பாலத்தை. ஆஸ்திரேலியா காசு கொடுத்துக் கட்டி 1994 ஏப்ரலில் திறந்தது, நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தாய்லாந்தில் நம்மைப் போலச் சாலையின் இடதுபக்கம் ஓட்டுவார்கள், லாவோஸில் வலதுபக்கம். அதனால் பாலத்தின் லாவோஸ் முனையில் ஒரு சிக்னல் வைத்து, இந்தப் பக்க வண்டிகளையும் அந்தப் பக்க வண்டிகளையும் குறுக்கே மாற்றிவிடுகிறார்கள். பாலத்தின் நட்டநடுவே தண்டவாளமும் இருக்கிறது. ரயில் வந்தால் மற்ற வண்டி எல்லாம் நிற்கவேண்டும். அந்தச் சிக்னலில் நின்றபோதெல்லாம் எனக்கு ஒண்டுக்குடித்தனம்தான் ஞாபகம் வரும். பின்கட்டில் குடியிருப்பவன் முன்கட்டுக்காரர் ஹால் வழியாகத்தான் வாசலுக்குப் போகவேண்டும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

முன்கட்டுக்காரர் கதவைச் சாத்தியதும் உண்டு. 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த சமயம், ஆற்றில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூட்டைத் தொடர்ந்து தாய்லாந்து எல்லையை மூடியது. அரிசி, பெட்ரோல், சோப்பு எல்லாம் நின்றுபோனது. எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்த்த அக்கா அப்போது சிறுமி. அவர் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை வாரத்தில் எந்தெந்த நாள் ஏற்றுவது என்று முறை வைத்திருந்தார்களாம். 1987, 88இல் எல்லைத் தகராறு முற்றி இரண்டு நாடும் நேரடியாகச் சண்டையும் போட்டன. இப்போது உறவு சுமுகம். ஆனால் அந்த அக்கா வீட்டில் இன்றைக்கும் தேவைக்கு மேல் இரண்டு மூட்டை அரிசி எப்போதும் இருக்கும்.

நான் போய் இறங்கிய மே மாதம் நாட்டில் பெட்ரோல் இல்லை. பங்குகளில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை, சிலர் காரிலேயே தூங்கினார்கள். எண்ணெய் முழுக்க வெளியிலிருந்து, அண்டை நாடு வழியாக, டாலர் கொடுத்து வாங்குவது. அவர்கள் பணமான கிப் சரிந்துகொண்டே போனது. 2021இல் ஒரு டாலருக்கு ஒன்பதாயிரம் சொச்சம் கிப் இருந்தது, நான் கிளம்பும்போது இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2023 பிப்ரவரியில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 40 சதவீதத்துக்கும் மேல் ஏறி நின்றது. காரணம் நிறைய, கடன் பெரிய காரணம். ஆனால் சோப்பிலிருந்து சிமென்ட் வரை எல்லாவற்றின் விலையிலும் அந்த 700 கி.மீ. ஒளிந்திருக்கிறது என்பதை ரசீது போடும் என்னைவிட நன்றாக யார் சொல்ல முடியும்.

சரி, இவ்வளவு பெரிய ஆறு இருக்கிறதே, அதில் கப்பல் விட்டால் என்ன? பிரெஞ்சுக்காரர்களும் இதையேதான் நினைத்தார்கள். 1866இல் மீகாங் வழியாகச் சீனாவுக்குப் போய்விடலாம் என்று சைகோனிலிருந்து ஒரு குழு கிளம்பியது. கம்போடிய எல்லையைத் தாண்டியதும் கோன் அருவி வந்து நின்றது. அருவி என்றால் குற்றாலம் மாதிரி உயரத்திலிருந்து விழுவதில்லை. ஆறு நாலாயிரம் தீவுகளாகச் சிதறி, பத்து கி.மீ. அகலத்துக்குப் பாறைமேல் உருண்டு இறங்குகிறது. எந்தப் படகும் ஏறாது. பிரெஞ்சுக்காரன் விடவில்லை, 1893இல் தீவின்மேல் தண்டவாளம் போட்டு, பீரங்கிப் படகைக் கழற்றி வண்டியில் ஏற்றி, அருவிக்கு மேலே கொண்டுபோய் மறுபடி மாட்டினான். சுமார் ஏழு கி.மீ. பாதை. 2009இல் நட்புறவுப் பாலத்தின்மேல் ரயில் வரும் வரை லாவோஸ் முழுவதற்கும் இருந்த ரயில் அது ஒன்றுதான், அதுவும் இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே நின்றுவிட்டது. துருப்பிடித்த ஒரு எஞ்சினைத் தீவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அதன்மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

இப்போது சீன ரயில் வந்துவிட்டது. 2021 டிசம்பர் 3 திறப்பு. எல்லை ஊரான போதெனிலிருந்து வியன்டியான் வரை 414 கி.மீ., மலையைக் குடைந்து 75 சுரங்கம். லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் வளைவு வளைவாகப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு போவார்கள், இப்போது இரண்டு மணி நேரத்துக்குள். ஜன்னலோரம் கிடைத்தால் பெருமைப்படாதீர்கள், பாதி நேரம் சுரங்க இருட்டுதான் தெரியும். நிலத்தால் பூட்டப்பட்ட நாடு என்ற பேச்சை மாற்றி, நிலத்தால் இணைந்த நாடு என்று சொல்லிக்கொள்வது அரசாங்கத்தின் வாடிக்கை. ஆனால் சீனத் தண்டவாளம் ஸ்டாண்டர்ட் கேஜ், தாய்லாந்துத் தண்டவாளம் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ். ஒன்றில் வந்த ரயில் மற்றதில் ஓடாது. தனலெங் என்ற இடத்தில் கிரேன் வைத்துக் கன்டெய்னர் கன்டெய்னராக மாற்றுகிறார்கள். அந்த யார்டைத் ‘தரைத் துறைமுகம்’ என்கிறார்கள். தண்ணீரே இல்லாத துறைமுகத்தில் ஹெல்மெட் போட்டு நின்றபடி அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். “கடல் எங்க?” என்று பதில் வந்தது.

துறைமுகமே தேவைப்படாத ஏற்றுமதி ஒன்று இவர்களிடம் உண்டு: மின்சாரம். மலையும் மழையும் இருக்கிறது, ஆற்றை மறித்துக்கொண்டே போகிறார்கள். 1971இல் நாம் நும் அணை, 2010இல் நாம் தெயுன் 2, 2019இல் மீகாங்கின் குறுக்கேயே சயபுரி அணை. பெரும்பகுதி கரண்ட் தாய்லாந்துக்குப் போகிறது. 2022இல் தாய்லாந்து, மலேசியா கம்பிகள் வழியாகச் சிங்கப்பூர் வரைக்கும் கொஞ்சம் போக ஆரம்பித்தது. கம்பிக்குச் சுங்கச் சீல் வேண்டாம், காலிப் பெட்டி திருப்ப வேண்டாம் என்று என் தொழில்புத்தி சந்தோஷப்பட்டது உண்மை. ஆனால் 2018 ஜூலையில் தெற்கே அட்டாபூ பக்கம் கட்டிக்கொண்டிருந்த அணையின் துணைக்கரை ஒன்று உடைந்து ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனது. செத்தவர்கள் பலர், வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். எவனோ ஏசி போடுவதற்கு இவர்கள் ஊர் முங்கியது என்று ஒரு டிரைவர் சொன்னார். அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை.

இன்னொரு வழி கிழக்கே, மலை தாண்டி வியட்நாமின் வுங் ஆங் துறைமுகம். அதில் லாவோஸுக்கும் பங்கு இருக்கிறது, ரயில் போடும் திட்டமும் இருக்கிறது. ஒரு தடவை வழி பார்க்க லாரியிலேயே போனேன். தக்கேக் ஊரிலிருந்து 12ஆம் எண் சாலை, இருபுறமும் சுண்ணாம்புப் பாறை மலைகள், யானைகள் படுத்திருப்பது போல. அந்தச் சாலை முகியா கணவாய் வழியாக இறங்குகிறது. வியட்நாம் போர்க் காலத்தில் வடக்கிலிருந்து ஆளும் ஆயுதமும் தெற்கே போன ரகசியப் பாதையின் முக்கிய வாசல் அது. அதனால் அமெரிக்கா 1964க்கும் 1973க்கும் நடுவில் லாவோஸின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. லாவோஸ் மேல் போர் அறிவிக்கவே இல்லை. போகிற வழியில் இருந்ததுதான் குற்றம். கொத்துக் குண்டுகளில் வெடிக்காதவை கோடிக்கணக்கில் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒதுங்கலாம் என்று இறங்கினேன், டிரைவர் அதட்டலாகக் கூப்பிட்டு, தார் ரோட்டை விட்டுக் கால் வைக்காதே என்றார். வழியில் ஒரு வீட்டில் பெரிய குண்டின் கூட்டை இரண்டாகப் பிளந்து வெங்காயத்தாள் வளர்த்திருந்தார்கள்.

எங்கள் கூட வந்த கிளீனர் பையனுக்குப் பத்தொன்பது வயசு. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வுங் ஆங்கில் வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய்க் கரையில் நின்றான். படம் எடுக்கவில்லை, கத்தவில்லை. ரொம்ப நேரம் அலையையே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான், “ஆய், இந்தத் தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?”

நாற்பது வருஷம் கடற்கரையில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஆற்றுக்காரனுக்குத் தண்ணீர் என்றால் எங்கேயாவது போய்க்கொண்டிருக்கவேண்டும். இங்கே வந்து வந்து திரும்பிப் போகிறதே என்று அவனுக்குக் குழப்பம். ‘ஆய்’ என்றால் அண்ணன். இவர்களும் நம்மைப் போலத்தான், பெயரைவிட உறவு முக்கியம். முன்பின் தெரியாத கடைக்காரரிடமும் வயசை ஒரு பார்வையில் அளந்து அண்ணன், அக்கா, தம்பி என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இந்த ஒன்றால் எனக்கு அந்த ஊர் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

ஒட்டாமல் போனது காற்று. தூத்துக்குடியில் எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் சாயங்காலம் கடற்காற்று ஏறும், அதை நம்பித்தான் பகலைத் தள்ளுவோம். வியன்டியானில் ஏப்ரலில் நாற்பது டிகிரி, சாயங்காலம் ஆறு மணி, ஏழு மணி, ஒரு இலை அசையாது. போதாததற்கு மார்ச், ஏப்ரலில் மலையில் காட்டைக் கொளுத்தி விவசாயத்துக்குத் தயார் செய்வார்கள், ஊரே புகைக்குள் உட்கார்ந்திருக்கும். சூரியன் தக்காளி மாதிரி தெரியும். உள்நாட்டில் இருப்பதென்றால் உடம்புக்கு என்ன அர்த்தம் என்று அந்த மாதங்களில்தான் விளங்கியது.

அதனால் ஊர் முழுக்க ஆற்றங்கரைக்கு வரும். மெரினா மாதிரியேதான்: வறுத்த வெட்டுக்கிளி, சுட்ட மீன், பலூன், பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் பெண்கள். எதிர்க்கரை தாய்லாந்து. ஒரு தலைநகரம் எல்லைக்கோட்டின்மேல் உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோடையில் ஆறு வற்றிப் பெரிய மணல்வெளியாகிவிடும், சும்மா நடந்தே வெளிநாடு போய்விடலாம் போல இருக்கும். தண்ணீர் இறங்க இறங்கக் கரைச் சரிவில் பாத்தி கட்டிக் கீரையும் வேர்க்கடலையும் போடுவார்கள். மழைக்காலத்தில் அதே இடத்துக்கு மேலே பல மீட்டர் தண்ணீர் ஓடும். வருஷத்தில் பாதி ஆற்றுக்கு, பாதி நமக்கு என்று எழுதாத ஒப்பந்தம். மீகாங் என்ற பெயரே ‘மே நாம் கோங்’ என்பதன் சுருக்கம்தான். மே என்றால் தாய், நாம் என்றால் தண்ணீர்.

மொழியில் கொஞ்சம் காது வைத்தால் நமக்குத் தெரிந்த சொற்கள் தலைகாட்டும். வியன்டியானை அவர்கள் ‘வியாங் சான்’ என்பார்கள், சான் என்றால் சந்தனம். சவன்னகேத் என்ற ஊரில் சொர்க்கம் இருக்கிறது. காலையில் பிக்குகளுக்குச் சோறு போடுவது ‘தக் பாத்’, அந்தப் பாத் நம் பாத்திரம். ராமாயணத்துக்கு ‘பிரா லக் பிரா லாம்’ என்று பெயர், தம்பி லட்சுமணன் பெயர்தான் முதலில் வரும். ஏப்ரல் 14ஐ ஒட்டி அவர்களுக்கும் புதுவருஷம், மூன்று நாள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். நான் வேட்டி கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய் முழுக்க நனைந்து திரும்பினேன். தெற்கே சம்பாசக்கில் வாட் பூ என்று ஒரு பழைய சிவன் கோவில். மலையுச்சியில் இயற்கையாகவே லிங்கம் போல ஒரு பாறை நிற்கிறது, மலைக்கு லிங்கபர்வதம் என்றே பழைய பெயர். மலையிலிருந்து கசியும் ஊற்றைக் கல் வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் விழச் செய்திருந்தார்கள். இப்போது உள்ளே புத்தர் இருக்கிறார். ஊற்றுத் தண்ணீர் இன்னும் வருகிறது, ஒரு பாட்டி போத்தலில் பிடித்து எனக்கும் தலையில் தெளித்தார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், உப்பு அங்கேதான் இருக்கிறது.

லாவோஸ்காரர்கள் சாப்பிடுவது ஒட்டரிசி. ராத்திரி ஊறவைத்து, காலையில் மூங்கில் கூம்பில் ஆவியில் வேகவைத்து, ‘திப் காவ்’ என்ற சின்ன மூடிக்கூடையில் போட்டுக்கொண்டு வயலுக்கோ ஆபீஸுக்கோ போவார்கள். கையால் கிள்ளி உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிடுவது. கையால் சாப்பிடுகிறவன் என்றதும் ஆபீஸில் எனக்கு மரியாதை கூடிப்போனது, ஆனால் நான் சோற்றைப் பிசைவதைப் பார்த்து கணக்குப் பார்த்த அந்த அக்கா முகம் சுளித்தார். ஒட்டரிசியைப் பிசையக்கூடாதாம், விரல் நுனியில் உருட்டவேண்டுமாம். தொட்டுக்கொள்ள எதைச் செய்தாலும் அதில் ‘பாதேக்’ இருக்கும். ஆற்று மீனை உப்பும் தவிடும் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் குழம்பு. மூடியைத் திறந்தால் தெருமுனை வரை தெரியும். எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது, கருவாட்டு மூக்கு ஆயிற்றே.

ஒருநாள் பாதேக் ஜாடிக்கு உப்பு அள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்டையில் உறைத்தது. கல்லுப்பு. இவ்வளவு உப்பு எங்கிருந்து? தாய்லாந்திலிருந்து வருகிறதா என்று கேட்டேன். “எதற்கு? எங்கள் உப்பு இருக்கிறதே” என்றார் அக்கா. மறு ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரில் கூட்டிப் போனார், வியன்டியானுக்கு வெளியே கொக்சாத் என்ற இடம்.

அளம்! நிஜமான உப்பளம். சதுரம் சதுரமாகப் பாத்திகள், வெயிலில் கண் கூசும் வெள்ளை, உப்பை வாரிக் குவிக்கும் பெண்கள், தலையில் தொப்பி முகத்தில் துணி. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் நின்று நான் எங்கள் ஊரைப் பார்த்தேன். பக்கத்தில் நீளமான கொட்டகைகள், உள்ளே பெரிய இரும்புத் தட்டுகளில் உப்புநீர் கொதித்துக்கொண்டிருந்தது, விறகுப் புகையும் ஆவியும் சேர்ந்து ஆள் முகம் தெரியவில்லை. தண்ணீர் பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. டைனோசர்கள் இருந்த காலத்தில் இந்தப் பீடபூமிக்குள் கடல்நீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் வற்றி வற்றி, அடுக்கடுக்காக உப்புப் பாறையாகப் படிந்துபோனது. தாய்லாந்தின் வடகிழக்கு முழுக்கவும் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கமும் அது பரவிக் கிடக்கிறது. அந்தப் பாறையில் கரையும் நிலத்தடி நீரை இறைத்துக் காய்ச்சுகிறார்கள். சீன எல்லையில் இருக்கும் போதென் ஊரின் பெயரிலேயே உப்புக் கிணற்றைக் குறிக்கும் ‘போ’ இருக்கிறது.

கடலில்லாமல் உப்பு இருந்தாலும் கடலின் இன்னொரு சமாச்சாரம் அதில் இல்லை: அயோடின். மலைக்கிராமங்களில் கழுத்துக்கழலை ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 1990களில்தான் உப்பில் அயோடின் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அளத்து வாசலில் அயோடின் தெளிக்கும் மிஷினைப் பார்த்ததும் அங்கிருந்த பெரியவரிடம் நான் கையால் ஜாடை காட்டி, எங்கள் ஊரிலும் இதே மிஷின் என்றேன். அவர் என் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்து, எங்கள் ஊர் உப்பு எதிலிருந்து என்று கேட்டார். ‘தலே’ என்றேன். அவர்கள் மொழியில் கடல். பெரியவர் பாவம் என்பது போல என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரம் போய் எடுக்கவேண்டுமா என்ற பார்வை.

ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கிலோ வாங்கிப் பெட்டியில் வைத்தேன். தூத்துக்குடிக்கு உப்பு கொண்டுபோகிறவனைக் கொல்லன் தெருவில் ஊசி விற்றவனோடு சேர்க்கவேண்டியதுதான். சென்னை விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்த அதிகாரி, என்ன சார் இது என்றார். உப்பு என்றேன். எந்த ஊருக்கு? தூத்துக்குடி. அவர் பையையும் என்னையும் இரண்டு தடவை மாறிமாறிப் பார்த்துவிட்டு, போங்க என்றார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாலு கல்லை உள்ளங்கையில் தேய்த்து, நாக்கில் வைத்தார். “கசப்பு கம்மி. மெக்னீசியம் இல்ல. அடுப்புல காய்ச்சினதா?” என்றார். நான் பூமிக்கடியில் பல கோடி வருஷத்துக் கடல், உப்புப் பாறை, நிலத்தடி நீர் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“இதுல என்னலே அதிசயம்? நம்ம அளத்துலயும் பாதிக்குமேல போர் தண்ணிதான. கடல்லேருந்தா எடுக்கோம்?”

எனக்கு வாய் அடைத்துப்போனது. நாற்பது வருஷம் அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன்.

அப்பா உப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “அங்க மழை எந்த மாசம்?” என்றார். மே முதல் அக்டோபர் வரை என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “அப்போ ஐப்பசில நம்ம அளத்தை மூடுற நேரத்துக்கு அவங்க பாத்தி கட்ட ஆரம்பிப்பாங்க” என்றார். அம்மா அந்த உப்பில் மாங்காய் ஊறுகாய் போட்டார். இன்னும் அரை ஜாடி இருக்கிறது.